கீழ் இடது மூலையில் ஃபஸீலா

சிங்கப்பூர்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை ரபியாவுக்கு அப்துல் அஜீஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் மச்சியும் உம்மாவும் ஃபஸீலாவும் அல்லாஹ் அருளால் நலம். வான்கூவர் குளிரில் நீ எப்படி? மச்சானின் முதுகுவலி தேவலையா?

குடும்ப வாட்ஸ்அப்பில் நீ போட்டதை நேற்று ஃபஸீலா வாசித்துக் காட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பத்து வருஷத்தில் ஐகான் இருக்காதாம், மவுஸ் இருக்காதாம், திரையே இருக்காதாம்! வாயால் சொன்னால் கம்ப்யூட்டர் செய்துவிடுமாம்! அடியே, இதைச் சொல்லவா உன்னை அவ்வளவு தூரம் கூட்டிப்போய் வைத்திருக்கிறார்கள்?

முப்பது வருஷமாக நீ விண்டோஸ், நான் மேக் என்று மல்லுக்கட்டினோம். அது பங்காளிச் சண்டை. இரண்டு வீட்டிலும் மேசை உண்டு, ஜன்னல் உண்டு, குப்பைத்தொட்டி உண்டு. இப்போது நீ வீட்டையே இடிக்கிறேன் என்கிறாய்.

என் கல்யாணக் கார்டுக் கடையில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, "யூசுப் பாய் மகள் கார்டைத் திற" என்று நான் சத்தம் போட்டால், அவர் இன்னும் யாரிடமும் சொல்லாத சம்பந்தம் ஜாலான் புசார் முழுக்கத் தெரிந்துவிடும். என் திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் இருக்கிறது. கை தானாகப் போகும். வாய் எதற்கு?

உம்மா கோபமாக இருக்கிறார். "இனிமே இந்தக் குரூப்ல கம்ப்யூட்டர் பேச்சு எடுத்தீங்க, ரெண்டு பேரையும் தூக்கிடுவேன்லா" என்றார். அட்மின் அவர்தானே. ஆகவே இனி ஈமெயிலில் சலாம் சொல்லி, நலம் விசாரித்து, மரியாதையாகச் சண்டை போடுவோம்.

துஆக்களுடன்,
நானா

வான்கூவர்
20 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய நானாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் நலம். உங்கள் மச்சானின் முதுகு இப்போது வானிலை அறிக்கை சொல்கிறது. பனி வருவதற்கு முதல்நாளே வலிக்கிறது.

நீங்கள் அதிர்ந்தது இருக்கட்டும். நான் அதிர்ந்த கதையைக் கேளுங்கள். போன மாதம் வீடியோவில் உங்கள் கடைத் திரையைப் பார்த்தேன். முப்பத்திரண்டு அங்குலம்! கார்டு அடிக்கிறீர்களா, படம் ஓட்டுகிறீர்களா? அதில் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. எல்லாக் கோப்பும் மேசைமேலேயே இறைந்து கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட் தோற்றது போங்கள். இதையா இடம் என்கிறீர்கள்?

எங்கள் குழு இப்போது "செவி" என்று ஒன்று செய்கிறது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும், கேட்டால் பதில் தரும். நல்ல தமிழே பேசும். விண்டோஸில் மட்டும்தான் ஓடும், ஆகவே உங்களுக்குக் கொடுப்பினை இல்லை.

உம்மாவின் கையை முத்தமிட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ரபியா

சிங்கப்பூர்
16 பிப்ரவரி 2025

ரபியா, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். உம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் இருமல்.

சந்தோஷச் செய்தி. ஃபஸீலாவுக்கு ஷாஹித் என்ற பையனைப் பேசி முடித்துவிட்டோம். நல்ல குடும்பம், அமைதியான பிள்ளை. செப்டம்பர் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், முதல் கார்டு பெண்ணின் மாமிக்கு. அது உன் கைக்கு வந்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

முப்பது வருஷமாக ஊராருக்கெல்லாம் கார்டு செய்தேன். இது என் ஒரே மகளுக்கு. வேறு யார் கையும் இதில் படக்கூடாது என்று நிய்யத் வைத்திருக்கிறேன். ஆனால் உன் மருமகள் கேட்பதைக் கேள். எழுத்தெல்லாம் எம்போஸ் செய்து மேடாக வேண்டுமாம்! அது போய் இருபது வருஷமாயிற்று. இப்போதெல்லாம் ஃபோனிலேயே கார்டு அனுப்புகிறார்கள். "எனக்கு அப்படித்தான் வேணும் வாப்பா" என்று ஒரே பிடிவாதம். யாருடைய பிடிவாதம் என்று நீயே யோசித்துக்கொள்.

ஒரு சின்ன விஷயம். அந்தச் செவி, தமிழை ஒழுங்காக வாசிக்குமா? கடைக்கு வரும் ஒருவர் விசாரித்தார்.

நானா

வான்கூவர்
23 பிப்ரவரி 2025

அன்பு நானா, வ அலைக்குமுஸ்ஸலாம். மாஷா அல்லாஹ்! ஃபஸீலாவுக்கு நிக்காஹா! வாசித்துவிட்டு ஆபீஸில் நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் காப்பியைக் கொட்டிவிட்டார். முதல் கார்டுக்கு இப்போதே வாசலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். உம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கிறது? வெந்நீர் குடிக்கச் சொல்லுங்கள்.

எம்போஸ் கேட்கிறாளா? பழைய மோஸ்தரெல்லாம் திரும்பி வருகிறது, கொடுத்துவிடுங்கள்.

செவி தமிழை அருமையாக வாசிக்கும். பழைய எழுத்துருவில் தட்டியதைக் கொடுத்தால் மட்டும் உளறும். இறக்கிக்கொள்ளும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன், உங்கள் வாடிக்கையாளரிடம் கொடுங்கள். பார்வை இல்லாதவரா? அவரிடம் எப்படியிருக்கிறது என்று கேட்டுச் சொன்னால் எங்களுக்கு உதவி.

ஆக, என் எதிரியே எனக்கு விளம்பரம் செய்கிறார். அல்ஹம்துலில்லாஹ்!

ரபியா

சிங்கப்பூர்
18 மார்ச் 2025

ரபியா, அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு பதினேழு முடிந்தது. உம்மா இருமலோடும் ஒரு நோன்பு விடவில்லை. அங்கே உங்களுக்கு எத்தனை மணிக்கு நோன்பு திறப்பு?

நீ கேட்ட ஆள் செவியைப் பயன்படுத்துகிறார். குரல் பரவாயில்லையாம். கொஞ்சம் அவசரக்காரக் குரல் என்றார். அதைச் செய்தவள் யார் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

ஒரு உதவி. என் மேக்கைப் புதுப்பித்ததிலிருந்து பழைய தமிழ் எழுத்துரு தகராறு செய்கிறது. பெருநாளுக்கு இரண்டு நாள் கடை மூடியிருக்கும். மெஷினை ஓடவிட்டுப் போகிறேன். அங்கிருந்தபடியே உள்ளே வந்து எழுத்துருவை மட்டும் சரிசெய். வேறு எதையும் தொடாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, என் மேசையில் ஒன்றையும் தொடாதே.

ஃபஸீலாவின் கார்டு பாதி வந்துவிட்டது.

நானா

வான்கூவர்
2 ஏப்ரல் 2025

அன்பு நானா, மச்சி, உம்மா, ஃபஸீலா எல்லாருக்கும் ஈத் முபாரக்! பிரியாணி கொஞ்சம் அடிபிடித்தது, சாப்பிட்டவர்கள் யாரும் சொல்லவில்லை.

எழுத்துரு சரியாகிவிட்டது. நானா, திட்டாதீர்கள், உங்களுக்கு ஒரு பெருநாள் பரிசும் வைத்திருக்கிறேன்! அந்தத் தேக்கா மார்க்கெட்டை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு கோப்புகள்! எல்லாவற்றையும் எட்டு ஃபோல்டரில் பிரித்து, பெயர் வரிசையில் அடுக்கி வைத்துவிட்டேன். மேசை இப்போது வழித்துவிட்டது போல இருக்கிறது. மூன்று மணி நேரம் ஆனது. முன்பு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு படம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

தொடாதே என்றீர்கள். சின்ன வயதில் உங்கள் அலமாரியையும் அப்படித்தான் சொல்வீர்கள். அடுக்கி வைத்த பிறகு சந்தோஷப்படுவீர்கள்.

ரபியா

வான்கூவர்
27 ஏப்ரல் 2025

அன்பு நானா, அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம்தானே?

இருபத்தைந்து நாளாகப் பதில் இல்லை. ஃபோன் செய்தால் மச்சி எடுத்து, "கடையில வேலைமா" என்று வைத்துவிடுகிறார். கோபமா? கோபமென்றால் வழக்கம்போலத் திட்டி எழுதுங்கள்.

போன வாரம் எங்கள் ஆபீஸ் கூட்டத்தில் பேசினேன். நாற்பது பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எதைக் காட்டி என்று அப்புறம் சொல்கிறேன்.

ரபியா

சிங்கப்பூர்
9 மே 2025

அன்புள்ள ரபியா மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஃபஸீலா. மாமாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் தமிழ் பள்ளிக்கூடத் தமிழ், தப்பு இருந்தால் மன்னியுங்கள்.

நேற்று ஆபீஸ் முடிந்து கடைக்குப் போனேன். வாப்பா திரையின் கீழ் இடது மூலையில் மவுஸை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். அங்கே ஒன்றுமே இல்லை. "வாப்பா, அது இப்போ ஃபோல்டருக்குள்ள இருக்கு" என்றேன். "தெரியும்லா, நீ வீட்டுக்குப் போ" என்று கத்தினார். மாமி, வாப்பா என்னிடம் கத்தியதே கிடையாது.

ஒரு மாதமாக வருகிறவர்களை எல்லாம் சைனாடவுனில் ஒரு கடைக்கு அனுப்புகிறார். என் கார்டையும் அங்கேயே கொடுத்துவிடலாம் என்று நேற்று மம்மியிடம் சொன்னார். எனக்கு வாப்பா செய்கிற கார்டுதான் வேண்டும். அது இல்லையென்றால் எனக்குக் கார்டே வேண்டாம்.

தயவுசெய்து எல்லாவற்றையும் முன்பு இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். அதே இடத்தில், மாமி. ஏன் என்று கேட்காதீர்கள். நான் எழுதியது வாப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள்,
ஃபஸீலா

சிங்கப்பூர்
14 மே 2025

ரபியா, அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் எல்லாரும் நலம். என்னைத் தவிர என்று எழுத வேண்டும். இத்தனை நாள் அதை எழுதாமல்தான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.

என் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் வலது கண். போன வருஷம் இடது. நடுவில் மட்டும் ஒரு கறை, ஓரம் தெரியும். டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார், போனது திரும்பாது என்றார். நேரே நீ நின்றால் உன் முகம் இருக்காது, ஆனால் காது இரண்டும் இருக்கும். நிறம் தெரிகிறது. எழுத்து தெரியவில்லை. கல்யாணக் கார்டு செய்கிறவனுக்கு எழுத்து தெரியவில்லை, ரபியா.

பிறகு எப்படி வேலை செய்தேன் என்று கேட்பாய். இடத்தை வைத்துச் செய்தேன். மவுஸை இழுத்தால் மூலையில் முட்டி நிற்கும். அங்கிருந்து மேலே ஒரு தள்ளு, நாகூர்க்காரர் கார்டுகள். வலதுபக்கம் இரண்டு தள்ளு, கொடியும் பூவும். மேல் ஓரம் முழுக்க பிஸ்மில்லாஹ் வகைகள். இருநூற்றுப் பதினான்கும் என் கைக்குத் தெரியும். பெயரெல்லாம் பழைய எழுத்துருவில் வைத்தவை, எந்தக் குரலாலும் வாசிக்க முடியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டார்கள் என்பார்கள். கண் ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, காட்டில் விட்டது நீ.

பெருநாள் கழிந்து கடையைத் திறந்து மவுஸைத் தொட்ட அந்த நிமிஷத்தை என்னால் சொல்ல முடியவில்லை. மூலைமூலையாகப் போனேன். ஒன்றுமே இல்லை. மெஷின் கெட்டுவிட்டது என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உன் கடிதத்தைக் கேட்டேன்.

ஆமாம், கேட்டேன். உன் செவியைப் பற்றி விசாரித்த வாடிக்கையாளர் நான்தான். முப்பது வருஷம் மேக் மேக் என்று மார்தட்டிய உன் நானா, கவுண்டருக்குக் கீழே விண்டோஸ் லேப்டாப் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறேன். ஒரு காதில் மாட்டிக்கொண்டால், பாட்டுக் கேட்கிறேன் என்று வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். மார்ச்சிலிருந்து உன் கடிதங்களை அதுதான் எனக்கு வாசிக்கிறது. அதற்கு முன் உன் மச்சி வாசித்தாள். தட்டுவது மட்டும் என் விரல்.

உன் மச்சியைத் தவிர யாருக்கும் தெரியாது. பரம்பரையாக வருகிற நோய் இல்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் "வாப்பாவுக்குக் கண் இல்லையாமே, நாளைக்குப் பொண்ணுக்கு?" என்று ஆரம்பித்தால் போதும். ஃபஸீலாவின் நிக்காஹ் முடியும்வரை இது வெளியே வரக்கூடாது. உன்மேல் ஆணை போடவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

அவள் கார்டை என் கையால் முடிக்க ஆசைப்பட்டேன். இனி முடியாது.

நானா

வான்கூவர்
25 மே 2025

நானா, வ அலைக்குமுஸ்ஸலாம்.

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு உட்கார்ந்தேன். முப்பத்திரண்டு அங்குலத் திரையைப் பார்த்துச் சிரித்தேனே! பார்வை இல்லாதவரிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்று உங்களிடமே சொன்னேனே! யா அல்லாஹ், என் வாய்!

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நீங்கள் சொன்ன பிறகு நான் மறைக்க முடியாது. ஆபீஸ் கூட்டத்தில் நாற்பது பேர் சிரித்தார்கள் என்று எழுதினேன் அல்லவா? அவர்கள் சிரித்தது உங்கள் மேசையைப் பார்த்து. "மனிதர்கள் திரையை எப்படிக் கெடுக்கிறார்கள்" என்று தலைப்பு வைத்து உங்கள் படத்தைச் சுவர் அளவுக்குக் காட்டினேன். யாருடையது என்று சொல்லவில்லை. சொல்லாததால் குறைந்துவிடுமா? கைக்குச் சுலபமாக அகப்படும் இடம் மூலைதான் என்று புதிதாகச் சேர்பவர்களுக்குப் பாடம் எடுப்பவள் நான். நீங்கள் அதைத்தான் செய்து வைத்திருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை.

அந்தப் படம்தான் இப்போது மிச்சம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தேன். நீங்கள் இல்லாத நேரத்தில் மச்சி கடை மெஷினை ஓடவிட்டது எனக்காகத்தான், அவரைக் கோபிக்காதீர்கள். இருநூற்றுப் பதின்மூன்று கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு விரற்கடை தள்ளியிருந்தாலும் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் இடம் தெரியவில்லை. படம் எடுத்தபோது கீழ் இடது மூலையைத் திரையில் நான் திறந்து வைத்திருந்த ஜன்னல் ஒன்று மறைத்திருந்தது. மிச்சமிருக்கும் கோப்பை ஊகத்தில் அங்கே வைக்கத் துணியவில்லை. அங்கே என்ன இருந்தது, நானா?

கூட்டத்தில் சிரித்த நாற்பது பேரையும் மறுபடி கூப்பிட்டு, அதே படத்தைக் காட்டி, இது ஏன் சரி என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. உங்கள் ரகசியத்தைச் சொல்லவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள்.
ரபியா

சிங்கப்பூர்
20 ஜூலை 2025

அன்புத் தங்கை ரபியா, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம், இந்தத் தடவை நிஜமாகவே. உம்மாவின் இருமல் போய்விட்டது, இனி குரூப்பில் நமக்கு ஆபத்து.

எழுதத் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை, வேலை. உன் கடிதம் வந்த அன்று காலையில் மவுஸைத் தொட்டேன். மூலையில் முட்டி, மேலே ஒரு தள்ளு. இருந்தது! நாற்காலியில் உட்கார்ந்தபடியே அழுதேன். யூசுப் பாய் வந்து, "என்ன பாய், யாரும் மவுத்தா?" என்று சாவு வீட்டுக்கு வந்தவர் போலப் பதறிவிட்டார்.

கீழ் இடது மூலையில் இருந்தது ஃபஸீலாவின் கார்டு. கண் எவ்வளவு மோசமானாலும் தவறாத இடம் என்று அங்கே வைத்திருந்தேன். அதை என் கையாலேயே திரும்ப வைத்துக்கொண்டேன். கார்டை முடித்ததும் நானே. மேக்கில் புது எழுத்துருவில் செய்தேன், விண்டோஸ் வாசித்துக் காட்டியது. முப்பது வருஷப் பங்காளிகள் என் மகள் கல்யாணத்துக்கு ஒன்று சேர்ந்துவிட்டார்கள். உன் அவசரக்காரக் குரலும் மணமகள் பெயர் வந்தபோது கொஞ்சம் நிதானமாக வாசித்தது போல எனக்குத் தோன்றியது.

அச்சாகி வந்ததும் விரலை வைத்துப் பார்த்தேன். முதலில் மூன்று புள்ளி. ஃ. பிறகு ப, ஸீ, லா. அவள் பெயரை ஒரு வருஷம் கழித்து நானே வாசித்தேன், ரபியா! அந்தப் பைத்தியக்காரப் பெண் எம்போஸ் கேட்டது எவ்வளவு நல்லதாகப் போயிற்று, பார். "நல்லாருக்கா வாப்பா?" என்று கேட்டாள். "ரொம்ப நல்லாருக்குமா, தங்கக் கலர் எடுத்துக் கொடுக்குது" என்றேன். அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

வழக்கப்படி முதல் கார்டு உனக்கு. கவரில் போட்டு ஒட்டி அனுப்பும்படி அவளிடமே கொடுத்திருக்கிறேன். செப்டம்பரில் வந்து சேர். வந்ததும் என் மேசைப்பக்கம் மட்டும் போகாதே.

துஆக்களுடன்,
நானா

(கார்டின் உறைக்குள், மடித்த சிறு தாளில்)

மாமி, அஸ்ஸலாமு அலைக்கும். கவரை ஒட்டுவதற்கு முன் இதை உள்ளே வைக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்ததற்கு நன்றி. கேட்காதே என்றால் கேட்கிறவர் நீங்கள், ஆனாலும் ஏன் என்று கேட்கவில்லை, அதனால் வாப்பா உங்களிடம் சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் தெரியும் மாமி. ஒரு வருஷமாகத் தெரியும். டோபி காட் ஸ்டேஷனில் என் எதிரிலேயே வந்து, என்னைத் தாண்டிப் போனார். நேராக நின்றால் என் முகம் அவருக்குத் தெரியாது. அதனால் வீட்டில் எப்போதும் கொஞ்சம் வலதுபக்கம் தள்ளி நின்றுதான் அவரிடம் பேசுவேன். நான் அங்கே நிற்பதை அவர் கவனித்ததில்லை.

நிக்காஹ் முடிந்ததும் நானே சொல்வேன். அதுவரை அவர் மறைக்கட்டும், அவருக்கு அது முக்கியம்.

மாப்பிள்ளை வீட்டை நினைத்து மட்டும் நீங்கள் பயப்பட வேண்டாம். பெண் பார்க்க வந்த அன்றைக்கே ஷாஹித்திடமும் அவர் உம்மாவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஷாஹித் சொன்னார்: "அப்போ கார்டுல எழுத்தெல்லாம் மேடா போடச் சொல்லுலா. வாப்பா தடவிப் பாக்கட்டும்."

ஃபஸீலா